இறங்கும் வரை வாங்காதவர்

மனிதர்களில் வாங்குகிறவர்கள் உண்டு, விற்கிறவர்கள் உண்டு. இரண்டிலும் சேராமல், கடை வாசலில் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு, "இது இறங்கும், பொறுங்க" என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு நிற்கிற மூன்றாவது இனம் ஒன்றும் உண்டு. அவரை உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். ஆசை ஆசையாக ஒரு பொருளை வாங்கி வந்து, அதன் மேலிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்க மனம் வராமல் மேசைமேல் வைத்து நீங்கள் அழகு பார்த்துக்கொண்டிருந்தபோது, எங்கிருந்தோ வந்து, உட்காரக்கூடச் செய்யாமல், "என்ன விலை?" என்று கேட்டு, நீங்கள் சொன்னதும் "ச்சொ" என்று நாக்கைத் தட்டினாரே, அவர்தான்.

அந்த "ச்சொ" சாதாரணச் சத்தமா? இழவு வீட்டில்கூட யாரும் அவ்வளவு இரக்கத்தோடு நாக்கைத் தட்டுவதில்லை. "கொஞ்சம் பொறுத்திருக்கலாமே" என்பார். அவ்வளவுதான். அதன்பிறகு அந்தப் பொருளைப் பார்க்கும்போதெல்லாம் அது உங்களைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரியே இருக்கும்.

அவரைக் கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சர்கள் எவ்வளவோ மேல். கஞ்சனுக்குத் தன் காசு தன் பையில் இருந்தால் போதும். அடுத்தவன் எதை வாங்கினால் அவனுக்கென்ன? இவருக்கோ காசு ஒரு பொருட்டே அல்ல. இவருக்கு வேண்டியது வெற்றி. எங்கோ தொலைதூரத்தில், முப்பது மாடிக் கட்டடத்தின் உச்சியில் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கிற ஒரு முதலாளி, ஒருநாள் காலையில் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "தோற்றுவிட்டேன், குறைத்துவிடுங்கள்" என்று குரல் உடைந்து சொல்ல வேண்டும். அந்த முதலாளிக்கு இவர் யார் என்றே தெரியாது என்பது இவருக்கு உறைப்பதே இல்லை.

இந்த இனத்தின் முதல்தர உருப்படி ஒன்று என் தலைக்கு நேர் மேலே, மூன்றாவது மாடியில் குடியிருக்கிறது. நான் இரண்டாவது மாடி. பதிப்பகங்களுக்கு வீட்டிலிருந்தபடியே அச்சுப்பிழை திருத்துகிறவன். நாளெல்லாம் வீட்டில் இருப்பதால் மேலே ஒரு கரண்டி விழுந்தாலும் என் காதில் விழும். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். தங்கமான மனிதர் என்று எல்லாரும் சொல்வார்கள். அவரோடு கடைக்குப் போகாத எல்லாரும்.

எதைக் காட்டினாலும் "இறங்கும்" என்ற ஒரே சொல்லைச் சொல்வதால், அவருடைய மைத்துனர், அதாவது மனைவியின் தம்பி, அவருக்கு "இறங்குமார்" என்று பெயர் வைத்துவிட்டார். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஒருமுறை தபால்காரர்கூடக் கீழே நின்று அப்படித்தான் கூப்பிட்டார். இவரும் ஜன்னலைத் திறந்து "இதோ வரேன்" என்றார்.

துணி துவைக்கும் மெஷின் இறங்கும் என்று நாலு வருடம் மனைவியைக் கையால் துவைக்க வைத்தவர் அவர். இறங்கியதா? இறங்கியது. இறங்கிய மாதமே அந்த மாடலை நிறுத்தியும்விட்டார்கள். கடையில் ஒன்றுகூட மிச்சமில்லை. அதற்காக வருத்தப்பட்டாரா? வீட்டுக்கு வந்து, ஈரக்கையோடு நின்ற மனைவியிடம், "பார்த்தியா, நான் சொன்ன விலைக்கே வந்துட்டான்" என்றார். அவர் முகத்தில் அன்றைக்கு இருந்த ஒளியைக் கல்யாணப் படத்தில்கூட நான் பார்த்ததில்லை.

இதெல்லாம் அடுத்தவர் கடையில்தான். அவருடைய சொந்தக் கடையில் விலை என்பது கற்சுவர். ஒருநாள் நான் கண்ணாடிக்குத் திருகாணி மாட்டப் போயிருந்தபோது, கணக்கு டீச்சர் ஒருவர் ஒரு பிரேமை எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கி, "கொஞ்சம் குறைச்சுக்கலாமா சார்?" என்று கேட்டார். இறங்குமார் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மேடம், கண்ணு விஷயத்துல பேரமா? குறைச்சு விக்கிறான்னா எங்கேயோ கை வைக்கிறான்னு அர்த்தம்."

"அப்போ ஒரு ரெண்டு மாசம் கழிச்சு வரட்டுமா?"

"வாங்க. ஏறியிருக்கும்."

சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கோடு அசைய வேண்டுமே! அசையவில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்குப் பெரிய கம்பெனி ஒன்று வாழ்க்கையில் ஒரு லட்சியத்தைத் தந்தது. டிவியோடு இணைத்து விளையாடுகிற கேம் கன்சோல் ஒன்றை அது வெளியிட்டது. கறுப்பாக, வழவழப்பாக, பார்க்க லட்சணமான பெட்டி. விலையைக் கேட்டவர்கள்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள். போட்டிக் கம்பெனிக்காரன் இதைவிடக் குறைந்த விலைக்கு, இதைவிட அதிக விளையாட்டுகளோடு ஒன்றை விற்றுக்கொண்டிருந்தான். ஆகவே இது விற்கவில்லை. கடை கடையாகத் தூசி தின்றது. விலையைக் குறைத்தால்தான் பெட்டி பிழைக்கும் என்று ஒரு கட்சி. குறைத்தால் இருக்கிற மரியாதையும் போய்விடும், நல்ல விளையாட்டு நாலு வந்தால் தானாக விற்கும் என்று இன்னொரு கட்சி. பஞ்சம், போர், வெள்ளம் எதற்கும் வாயைத் திறக்காதவர்கள் இதற்கு இரண்டு அணியாகப் பிரிந்து நின்றார்கள்.

இறங்குமார் முதல் கட்சியின் தளபதி. "விலையைக் குறை" என்று போனில் ஒரு குழு. முன்னூற்றுச் சொச்சம் பேர். காலையில் பல் துலக்குவதற்கு முன்பே கம்பெனியின் கிடங்கு நிலவரம், பங்கு நிலவரம், முதலாளியின் முகவாட்டம் எல்லாம் அதில் வந்துவிடும். அத்தனை பேரில் ஒருவரிடமாவது அந்தப் பெட்டி இருந்ததா என்று கேளுங்கள். இல்லை. தவறிப்போய் ஒருவர் வாங்கிவிட்டார். அன்று மாலையே அவரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். மூன்றில் ஒரு பங்கு குறைக்க வேண்டும் என்றவர்களுக்கும் நான்கில் ஒரு பங்கு போதும் என்றவர்களுக்கும் வாய்த்தகராறு முற்றி, நான்கில் ஒரு பங்குக்காரர்கள் கோபித்துக்கொண்டு தனிக் குழு வைத்தார்கள். இறங்குமார் அவர்களைத் துரோகிகள் என்றே குறிப்பிடுவார்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அவர் சொன்னது சரிதான். விலை அதிகம், குறைத்திருக்க வேண்டியதுதான். சரியானதைச் சொல்கிற ஒருவரால் எப்படி யாருக்கும் எந்த நன்மையும் இல்லாமல் போகிறது என்பதுதான் ஆராய்ச்சிக்குரியது.

நன்மை இல்லாதது இருக்கட்டும், கெடுதல் இருந்தது. மைத்துனர் பஸ் டிப்போவுக்கு எதிரே, இஸ்திரிக் கடைக்கும் சாவி செய்கிறவருக்கும் நடுவே, சின்னதாக ஒரு கேம் கடை வைத்திருந்தார். கம்பெனியின் விளம்பரத்தை நம்பி, அந்தப் பெட்டியில் பன்னிரண்டு எடுத்துச் சுவரோரம் அடுக்கிவிட்டார். ஒன்றும் நகரவில்லை. எப்போதாவது ஒருவர் வந்து விசாரிப்பார். அந்த நேரம் பார்த்து, மதியம் தன் கடையைச் சாத்திவிட்டு வந்து அங்கே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார் இறங்குமார்.

ஒருநாள் பஸ் ஓட்டும் அம்மா ஒருவர் சீருடையோடு வந்தார். இருபது வருடமாக ஒரே தடத்தில் பஸ் ஓட்டுகிறவர். கார்ப் பந்தய விளையாட்டு வேண்டுமாம்.

"பசங்களுக்காம்மா?" என்று கேட்டார் மைத்துனர்.

"பசங்களாவது! எனக்குத்தான். நாள் முழுக்க முப்பதைத் தாண்டக் கூடாது, முப்பதைத் தாண்டக் கூடாதுன்னு ஓட்டறேன். வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரமாவது முன்னூறுல ஓட்டணும் தம்பி."

மைத்துனருக்கு வாயெல்லாம் பல். ஒரு பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். பில் புத்தகத்தைத் திறந்தார். ஸ்டூலில் இருந்தவர் தொண்டையைச் செருமினார்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. இன்னும் மூணு வாரத்துல இது இறங்கும்."

"அப்படியா?"

"உள் செய்தி. இன்னிக்கு வாங்கிட்டு, மூணு வாரம் கழிச்சு இதே கண்ணாடியில குறைஞ்ச விலை எழுதியிருக்கறதைப் பஸ்ல போகும்போது பார்த்தீங்கன்னா, ஸ்டியரிங்கைப் பிடிக்க மனசு வருமா?"

அந்த அம்மா பெட்டியைப் பார்த்தார். மைத்துனரைப் பார்த்தார். "அப்போ மூணு வாரம் கழிச்சே வரேன் தம்பி" என்று போய்விட்டார்.

மைத்துனர் பில் புத்தகத்தை மூடினார். "அத்தான், எனக்கு ஒரு உதவி பண்ணுங்க."

"சொல்லுடா."

"இனிமே கடைக்கு வராதீங்க."

"உன் நல்லதுக்குத்தான்டா சொல்றேன்! ஜனங்க வாங்காம இருந்தாத்தான் கம்பெனிக்காரன் இறங்கி வருவான். அவன் இறங்கி வந்தா யாருக்கு வியாபாரம்? உனக்குத்தான்."

"அதுவரைக்கும் கடை இருக்கணுமே அத்தான். இதெல்லாம் போகலேன்னா, ஷட்டரை இழுத்துவிட்டுட்டு எவன் கடையிலாவது சம்பளத்துக்கு நிக்கணும்."

இறங்குமார் அவர் தோளைத் தட்டி, "பொறு" என்றார். வேறென்ன சொல்வார்?

இந்த நிலையில்தான் அவர் மகளுக்குக் கால் முறிந்தது. பதினான்கு வயது, பள்ளிக்கூடத்தில் கைப்பந்து ஆடுகிற பெண், உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது. பள்ளி மாடிப்படியில் வழுக்கி, முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு விட்டுப்போயிற்று. தொடையிலிருந்து கட்டைவிரல் வரை மாவுக்கட்டு. இரண்டு மாதம் அசையக் கூடாது. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. மூன்றாவது மாடியிலிருந்து அவளை யார் இறக்குவது? முதல் வாரம் சிநேகிதிகள் கூட்டமாக வந்தார்கள், கட்டின்மேல் கையெழுத்துப் போட்டார்கள், போனார்கள். இரண்டாம் வாரம் யாரும் வரவில்லை. மின்விசிறிக்கு மூன்று இறக்கை. எத்தனை முறை எண்ணினாலும் மூன்றுதான்.

ஒருநாள் அவளே கேட்டுவிட்டாள்.

"அப்பா, மாமா கடையில அந்தக் கேம் பெட்டி இருக்குல்ல..."

"வாங்கறோம்டா கண்ணு! உனக்கு இல்லாததா?" என்றார் இறங்குமார், அவள் தலையைத் தடவி. உண்மையாகவே கண் கலங்கியிருந்தது. "ஒரு மூணு வாரம் பொறுத்துக்கோ. அவன் குறைச்சே ஆகணும்."

"மூணு வாரத்துல என் கால் பாதி சரியாயிடும்ப்பா."

"நல்லதுதானே!"

விஷயம் மைத்துனர் காதுக்குப் போயிற்று. மறுநாள் கடையைச் சாத்திவிட்டு, ஒரு பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மூன்று மாடியும் மூச்சிரைக்க ஏறி வந்தார். வாசலிலேயே மறித்து நின்றார் இறங்குமார். பேச்சு முழுவதும் படிக்கட்டு வழியே எனக்குக் கேட்டது.

"அத்தான், காசெல்லாம் வேண்டாம். பாப்பா எழுந்து நடக்கிற வரைக்கும் இருக்கட்டும். அப்புறம் திருப்பிக் கொடுங்க."

"எடுத்துட்டுப் போடா."

"ஏன் அத்தான்?"

"காசா பிரச்சினை? பிரிச்சுட்டா உன் கடையில ஒண்ணு குறையும். ஒண்ணு குறைஞ்சுதுன்னா கம்பெனிக்காரன் என்ன நினைப்பான்? 'ஓகோ, இந்த விலைக்கும் ஆள் இருக்கு'ன்னு நினைப்பான். அப்புறம் எப்படிக் குறைப்பான்? இத்தனை மாசமா முன்னூறு பேர் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கோம். என் வீட்டுலேர்ந்தே அது உடையணுமா?"

கேட்டீர்களா? மகள் உள்ளே கட்டிலில் படுத்திருக்கிறாள். அப்பா வாசலில் நின்று ஒரு பன்னாட்டுக் கம்பெனியை முற்றுகையிட்டுக்கொண்டிருக்கிறார்.

மைத்துனர் பெட்டியோடு இறங்கினார். என் வாசலில் நின்று மூச்சு வாங்கியபோது தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "இவரை என்ன சார் பண்றது?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்திருந்தால் நான் ஏன் அச்சுப்பிழை திருத்திக்கொண்டிருக்கிறேன்?

தெரிந்தவர் ஒருவர் இருந்தார். இறங்குமாரின் மனைவி ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவர். விடிந்ததும் போய் மதியம் இரண்டு மணிக்குத் திரும்பிவிடுவார். நாள் முழுக்க ஊசி குத்துகிற கை. அதிகம் பேசாத வாய். இரண்டு நாள் கழித்து வேலை முடிந்ததும் டிப்போவில் இறங்கி, நேராகத் தம்பி கடைக்குப் போய், ஒரு பெட்டியைக் காட்டி "பில் போடு" என்றார்.

"அக்கா, உன்கிட்ட நான் காசு வாங்குவேனா? சரி, என் கொள்முதல் விலையாவது..."

"குறைக்காதே."

"அக்கா..."

"கல்யாணமாகி பதினாறு வருஷம் ஆச்சுடா. ஒரு தடவையாவது ஒரு பொருளை முழு விலைக்கு வாங்கணும்னு எனக்கு ஆசை."

முழு விலைக்கு வாங்கினார். இதை நான் பிற்பாடு மைத்துனர் சொல்லித் தெரிந்துகொண்டேன். எனக்கு முதலில் தெரிந்தது சத்தம்தான். பிற்பகல் மூன்று மணிக்கு மேலே டயர் கிறீச்சிடுகிறது, கார் மோதுகிறது, கூட்டம் ஆரவாரம் செய்கிறது. பொறுத்துப் பார்த்துவிட்டு, சண்டை போடுவதற்காகவே படியேறினேன். கதவு திறந்தது. மகள் கட்டுப்போட்ட காலை இரண்டு தலையணைமேல் வைத்துக்கொண்டு, கன்ட்ரோலரை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பையே வளைவுக்கு வளைவு சாய்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ரத்த ஓட்டம் தெரிந்தது. இரண்டு வாரமாக அது இல்லை.

"அண்ணா, அவருக்குத் தெரிய வேண்டாம்" என்றார் இறங்குமாரின் மனைவி.

"நான் ஏன் சொல்லப் போறேன்?"

"அங்கிள், இன்னொரு கன்ட்ரோலர் இருக்கு" என்றாள் மகள்.

சண்டை போட வந்த விஷயம் அப்புறம் எனக்கு ஞாபகம் வரவில்லை. மறுநாள் மூன்று மணிக்கு நானாகவே போனேன். அதற்கு மறுநாளும். அந்த மாதம் வெளிவந்த சமையல் புத்தகம் ஒன்றில் "உப்பு" இருக்க வேண்டிய இடமெல்லாம் "உப்பி" என்று இருந்தால் அதற்கு நானே முழுப் பொறுப்பு.

ஏழரை மணிக்குப் பெட்டி அழுக்குத்துணிக் கூடைக்குள் போய்விடும். மேலே ஒரு போர்வை. எட்டு மணிக்கு இறங்குமார் வருவார். கைகால் கழுவிவிட்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்து அன்றைய போர்ச்செய்தியை வாசிப்பார்.

"கிடங்குல சரக்கு கூரை வரைக்கும் நிக்குதாம். முதலாளியையே மாத்தப் போறாங்களாம். இறங்கும்."

"அப்படியாப்பா?" என்பாள் அந்தப் பெண், உதட்டைப் பிதுக்கி. என்ன நடிப்பு! ஒருநாள் அவர் அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கட்டைவிரல் ஏன்டா இப்படிச் சிவந்திருக்கு?" என்றார்.

"சும்மா படுத்துக்கிட்டு சொடக்குப் போட்டுக்கிட்டே இருந்தேன்ப்பா."

அவர் உடனே எழுந்து போய்க் குழுவில் கம்பெனிக்காரனை இரண்டு பக்கத்துக்குத் திட்டி எழுதினார்.

"நேரா சொல்லிட வேண்டியதுதானேம்மா?" என்று நான் அவர் மனைவியிடம் கேட்டேன்.

"சண்டை போட்டா சொல்லிடுவேன் அண்ணா. போட மாட்டாரு. வருத்தப்படுவாரு. அந்தப் பெட்டியைப் பார்க்கறப்பல்லாம் வருத்தப்படுவாரு. பாப்பா அதைத் தொடறப்பல்லாம் அவளுக்கு அது ஞாபகம் வரும். நிம்மதியா ஆடட்டும்."

அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இரண்டு மாதம் ஓடியது. கட்டைப் பிரித்தார்கள். கம்பை ஊன்றி வீட்டுக்குள் நடந்தாள். படி இறங்க இன்னும் பத்து நாள் ஆகும் என்றார் டாக்டர். அந்த வாரத்தில் ஒரு புதன்கிழமை பிற்பகல், கம்பெனி விலையைக் குறைத்தது. மூன்றில் ஒரு பங்கு. சொல்லி வைத்தாற்போல் மூன்றில் ஒரு பங்கு!

கண் சோதிக்கும் எழுத்துப் பலகையின் நான்காவது வரியைப் படித்துக்கொண்டிருந்த ஒருவரை அப்படியே நாற்காலியில் விட்டுவிட்டு இறங்குமார் ஓடினார். நேராக மைத்துனர் கடை. அங்கே இஸ்திரிக் கடை வரைக்கும் வரிசை. குறைந்ததில் மைத்துனருக்குப் பெட்டிக்குப் பெட்டி கையைக் கடித்தது; ஆனாலும் சுவரோரம் காலியாகிக்கொண்டிருந்தது, ஷட்டரை இழுத்துவிட வேண்டிய அவசியம் இல்லை. வரிசையின் முன்னால் நின்ற பஸ் ஓட்டும் அம்மா இவரைப் பார்த்துவிட்டார்.

"அட, நீங்களா! சொன்ன மாதிரியே இறங்கிடுச்சே. மூணு வாரம்னீங்க, கொஞ்சம் கூட ஆயிடுச்சு, அதனாலென்ன! வாங்க, என் இடத்துல நில்லுங்க. நீங்கதான் முதல்ல வாங்கணும்."

வரிசையே கை தட்டியது. யாரோ விசில் அடித்தார்கள். இறங்குமார் கவுண்டருக்கு முன்னால் நின்றார். எதிரே பெட்டி. அவர் கேட்ட விலை. எத்தனை மாதப் போராட்டம்! கையை நீட்டி அதன்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"பில் போடட்டுமா அத்தான்?" என்றார் மைத்துனர்.

இறங்குமாரின் புருவம் மெதுவாகச் சுருங்கியது.

"ஒரே அடியில மூணுல ஒரு பங்கு குறைக்கிறான்னா..."

"குறைக்கிறான்னா?"

"இன்னும் குறைக்க இடம் இருக்குன்னு அர்த்தம்."

கையை எடுத்துக்கொண்டார். பஸ் ஓட்டும் அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, இவர் பேச்சைக் கேட்டா நான் ரிட்டயர் ஆகிற வரைக்கும் முப்பதுலதான் ஓட்டணும். எனக்குப் பில் போடு" என்றார்.

இறங்குமார் அன்று தன் கடைக்குத் திரும்பவில்லை. இந்த மாபெரும் வெற்றியையும் அதைவிடப் பெரிய அடுத்த திட்டத்தையும் மகளிடம் சொல்ல வேண்டும் என்று வீட்டுக்குக் கிளம்பினார். மைத்துனர் கவுண்டரைத் தாண்டி ஓடி வந்தார். "அத்தான், உக்காருங்க, டீ சொல்றேன்" என்றார். இவர் நிற்கவில்லை. மைத்துனர் அக்காவுக்குப் போன் அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். போன் கைப்பையில் இருந்தது. கைப்பை சமையலறையில் இருந்தது. நாங்கள் மூன்று பேரும் கூடத்தில், கடைசிச் சுற்றில் இருந்தோம். இத்தனை நாளில் முதல் முறையாக நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தது யாருக்கும் கேட்கவில்லை. டிவித் திரையில் ஒரு நிழல் விழுந்ததும்தான் திரும்பிப் பார்த்தோம். என் கார் சுவரில் மோதி வெடித்தது.

அவர் பெட்டியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். சோபாவில் அவருடைய இடத்தில் காலை மடக்கி உட்கார்ந்திருந்த என்னையும் பார்த்தார். வேறு யாராக இருந்தாலும் என்ன கேட்டிருப்பார்கள்? எப்போது வாங்கினீர்கள், ஏன் மறைத்தீர்கள், இந்த ஆள் இங்கே என்ன செய்கிறான் என்று எத்தனை கேள்வி இருக்கிறது! அவர் கேட்டது ஒன்றுதான்.

"என்ன விலை?"

"பழைய விலை" என்றார் மனைவி. "முழுசா. வாங்கி ரெண்டு மாசம் ஆகப்போகுது."

இறங்குமார் சுவரைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, நொந்துபோன குரலில், "ரெண்டு மாசம்... வெறும் ரெண்டு மாசம் பொறுத்திருந்தா..." என்றார்.

"பொறுத்திருந்தா கால் சரியாயிருக்கும்" என்றார் மனைவி.

மகள் கம்பை ஊன்றி எழுந்து, மெல்ல நடந்து போய், தன் கன்ட்ரோலரை அவர் கையில் வைத்தாள். "நீங்களும் ஒரு ஆட்டம் ஆடுங்கப்பா. நான் சொல்லித் தரேன்." அவர் அதை வாங்கினார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், ஆடிவிடுவார் என்றே நினைத்தேன். அவர் முகம் அப்படி இளகியது. பிறகு அதன் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, "தேஞ்சுபோச்சே. இனி இதை வித்தாக்கூட எவன் எடுப்பான்?" என்றார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சத்தமாகவே சிரித்துவிட்டேன். அவர் கோபப்படவில்லை. என் பக்கம் திரும்பி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கேட்டார்:

"சார், ரெண்டு மாசமா தினம் வந்து ஆடறீங்க போலிருக்கே. அவ்வளவு பிடிச்சிருந்தா நீங்களே ஒண்ணு வாங்கியிருக்கலாமே?"

"வாங்கலாம்னுதான்..." என்றேன்.

"இன்னிக்குத்தான் குறைச்சுட்டானே. போய் எடுத்துட்டு வரலாமே?"

"இல்ல, ஒரே அடியா இவ்வளவு குறைச்சிருக்கான்... அடுத்த வருஷம் எப்படியும் இன்னும் கொஞ்சம்..."

வாயை மூடிக்கொண்டேன். நேரம் கடந்துவிட்டது. மனைவியும் மகளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா, இன்னொரு பெட்டிக்கும் பில் போட வேண்டியதுதான் என்பதுபோல் எழுந்து கைப்பையை எடுக்கச் சமையலறைக்குப் போனார். இறங்குமார் நாற்காலியைவிட்டு எழுந்து வந்து, என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, தன் போனை எடுத்தார்.

"உங்க நம்பரைச் சொல்லுங்க சார். குழுவுல சேர்த்துடறேன்."

என்னைப் பற்றிப் பேசியது போதும். உங்களைப் பற்றிப் பேசுவோம். இந்தப் புத்தகத்தை இப்போது எங்கே வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்? வீட்டில் சாய்வு நாற்காலியிலா? அல்லது புத்தகக் கடையில், அலமாரியில் தோளைச் சாய்த்து, கடைக்காரர் இரண்டு தடவை வந்து பக்கத்து அடுக்கைத் துடைப்பதுபோல் துடைத்துவிட்டுப் போன பிறகும் நகராமல் நின்றபடியா? ஒரு கட்டுரையை முழுசாகப் படித்தாகிவிட்டது. நடுவில் இரண்டு இடத்தில் சிரித்தீர்கள், பார்த்தேன். இப்போது பின்னட்டையைத் திருப்பி மூலையில் இருக்கிற எண்ணைப் பார்த்துவிட்டு, மலிவுப் பதிப்பு எப்படியும் வரும் என்று எடுத்த இடத்திலேயே செருகப் போகிறீர்கள். செருகுங்கள். ஆனால் கொஞ்சம் சீக்கிரம். உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று இத்தனை நேரமாக எட்டி எட்டிப் படித்துக்கொண்டிருக்கிறவருக்குக் கழுத்து வலிக்கிறதாம்.